பெரிய தளபாடம், ஒடுங்கிய வாசல்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கத் தொடர்மாடிகளில் வீடு வாங்குபவர்களும் வாடகைக்குப் போகிறவர்களும் அறைகளை அளப்பார்கள், சுவரை அளப்பார்கள். கட்டில் எந்தப் பக்கம், அலுமாரி எந்த மூலை என்றெல்லாம் கடதாசியில் கீறியும் பார்ப்பார்கள். அந்தக் கட்டிலும் அலுமாரியும் எந்த வழியாக அந்த மூலைக்குப் போய்ச் சேரும் என்பதை மட்டும் லொறி வந்து நின்ற பிறகுதான் யோசிப்பார்கள். கடைக்காரர் மெத்தப் பணிவாக "வீட்டு வாசல்ல இறக்கித் தருவோம்" என்று சொல்வதன் அர்த்தம் வாசல் வரைக்கும்தான். வாசலுக்கு அப்பால் பொறுப்பு உங்களுடையது.

ஆகவே, காசு கட்டுவதற்கு முன்பே வழியை அளக்க வேண்டும். லொறி நிற்கும் இடத்தில் தொடங்கி, கேற், படிக்கட்டு அல்லது லிப்ட், முன்கதவு, நடை, அறைக்கதவு என்று கடைசிச் சுவர் வரைக்கும் அளந்து எழுதுங்கள். இவற்றில் ஆக ஒடுங்கிய ஓர் இடம்தான் தீர்மானிக்கும். மற்ற இடமெல்லாம் எவ்வளவு விசாலமாக இருந்தாலும் பயனில்லை.

கதவளவு என்று பலர் சொல்வது நிலையின் வெளியளவு. "மூன்றடிக் கதவு" என்றால் பெரும்பாலும் நிலையின் வெளிப்புறம் 36 அங்குலம். இரண்டு பக்க மரமும் மும்மூன்று அங்குலம் என்றால் உள்ளே மிஞ்சுவது 30 அங்குலம். கதவு 90 பாகைக்கு மேல் திறக்காத இடமாக இருந்தால், கதவுப் பலகையின் கனம் இன்னும் ஓர் அங்குலத்தையாவது தின்னும். கைபிடியும் குறுக்கே நின்றால் மூன்று அங்குலம் வரை போய்விடும். ஆகவே அளவு நாடாவை நிலையின் உட்பக்கத்தில், ஆக ஒடுங்கிய இடத்தில் பிடியுங்கள். மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் எடுத்து, மிகக் குறைந்ததை எழுதுங்கள். பழைய வீடுகளில் நிலை கோணியிருக்கும், மூன்று அளவும் ஒன்றாக வராது. உயரத்தையும் வாசற்படியின் மேலிருந்து எடுங்கள், தரையிலிருந்து அல்ல. பொருளுக்கும் நிலைக்கும் இடையே பக்கத்துக்கு அரை அங்குலமாவது மிஞ்ச வேண்டும். அதற்குக் குறைந்தால் பொருள் போனாலும் பொலிஷ் போய்விடும்.

கொட்டாஞ்சேனை, பழைய வெள்ளவத்தை வீடுகளில் இரட்டைக் கதவு இருக்கும். அதில் ஒரு பக்கம் வருடக்கணக்காகத் திறக்கப்படாமல் பெயின்ற் பூசிப் பூசி ஒட்டிப்போய்க் கிடக்கும். நிலையோடு சேரும் கோட்டில் பிளேட்டால் கீறி, மேலும் கீழும் உள்ள தாழ்ப்பாள்களைத் தட்டித் திறந்தால் வாசல் கிட்டத்தட்ட இரு மடங்காகும். புதிதாக எதையும் உடைக்கப் போகுமுன் இதைப் பாருங்கள்.

ஒற்றைக் கதவைக் கழற்றுவது பயப்படுகிற வேலை இல்லை. இரண்டு பேர், ஒரு சுத்தியல், ஒரு நீள ஆணி, நல்ல ஸ்குரூ டிரைவர் இருந்தால் போதும். முதலில் கதவின் அடியில் மர ஆப்பு ஒன்றைச் செருகிப் பாரத்தைத் தாங்க வையுங்கள். பிணைச்சலின் ஊசி கழலும் வகை என்றால், கீழே ஆணியை வைத்து மேல்நோக்கித் தட்டினால் ஊசி வெளியே வரும். முதலில் கீழ்ப் பிணைச்சல், பிறகு நடு, கடைசியாக மேல். இந்த ஒழுங்கை மாற்றினால் கதவு மேலிருந்து சரிந்து ஆளின் மேல் விழும். ஊசி கழலாத வகை என்றால் நிலைப் பக்கத்து ஸ்குரூக்களைக் கழற்றுங்கள், கதவுப் பக்கத்தைத் தொட வேண்டாம். கடற்காற்று படும் வீடுகளில் பிணைச்சல் துருப்பிடித்து இறுகியிருக்கும். டபிள்யூ.டி. 40 என்ற துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்துக் கால் மணித்தியாலம் விட்டுவிடுங்கள். ஸ்குரூ தலையின் பள்ளத்தில் பெயின்ற் அடைத்திருந்தால் அதைக் கூர்மையான ஒன்றால் சுரண்டி எடுத்த பிறகே டிரைவரை வையுங்கள். அவசரப்பட்டுத் திருகினால் பள்ளம் வழுக்கிவிடும். அதற்குப் பிறகு துளையிடும் மெஷின் தேவைப்படும்.

நிலையையே கழற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சீமெந்துச் சுவருக்குள் இரும்புப் பட்டி வைத்துக் கட்டிய மரநிலையைக் கழற்றினால் பூச்சு, டைல்ஸ், பெயின்ற் மூன்றும் போகும். அந்தச் செலவுக்கு வேறு அலுமாரியே செய்விக்கலாம். அலுமினிய நிலை என்றால் கதை வேறு. ஸ்குரூக்களைக் கழற்றி ஓரத்து சிலிக்கோனை வெட்டினால் பெரும்பாலும் முழுதாக வந்துவிடும்.

செற்றிதான் ஆகக் கூடுதலாகச் சிக்குவது. அதன் நீளத்தைப் பார்த்து மக்கள் பயப்படுகிறார்கள். உண்மையில் சிக்க வைப்பது நீளம் அல்ல, பக்கவாட்டுத் தோற்றம். செற்றியைப் பக்கத்திலிருந்து பார்த்தால் முதுகு உயரமாகவும் கைப்பிடி தாழ்வாகவும் சாய்வான மேல்விளிம்போடு தெரியும். அந்தச் சாய்வுதான் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை. குஷன்களை எடுத்துவிட்டு, முதுகின் உச்சியிலிருந்து கைப்பிடியின் முன் நுனிக்கு ஒரு நேரான சலாகையை வையுங்கள். பின்பக்கத்துக் கீழ்மூலையிலிருந்து அந்தச் சலாகைக்குச் செங்குத்தாக நாடாவைப் பிடியுங்கள். அதுதான் சாய்வு அளவு. ஓர் உதாரணம்: கால்களைக் கழற்றிய பின் முதுகு 30 அங்குலம், கைப்பிடி 20, ஆழம் 36 என்று வையுங்கள். சாய்வு அளவு ஏறக்குறைய 29 வரும். 30 அங்குல வாசலில் அந்தச் செற்றி நேராக வைத்தால் முட்டும், சரித்துப் பிடித்தால் போகும். கால்களைக் கழற்றாமல் முயன்றவர் "போகாது" என்று திருப்பி அனுப்பியிருப்பார். கால்கள் பெரும்பாலும் கையால் திருகினாலே கழலும். சிலவற்றில் அடியிலுள்ள கறுப்புத் துணியை உயர்த்தி நட்டைத் தளர்த்த வேண்டும்.

கைப்பிடி இல்லாத செற்றி இன்னும் இலகு. பக்கத்திலிருந்து அது 'ட' போலத் தெரியும். அதை ஒரு முனையில் நிமிர்த்தி நிறுத்தி, முதலில் முதுகின் விளிம்பை வாசலுக்குள் விட்டு, நிலையைச் சுற்றி வளைத்துத் திருப்பினால் இருக்கைப் பகுதி பின்னால் வந்து சேரும். இது தள்ளுகிற வேலை இல்லை, கொளுவி எடுக்கிற வேலை.

இதை வாங்குவதற்கு முன்பே சோதிக்க ஒரு வழி இருக்கிறது, நான் எல்லாருக்கும் சொல்வது இதைத்தான். பழைய ஃபிரிட்ஜ் பெட்டி அட்டையில் செற்றியின் பக்கவாட்டுத் தோற்றத்தை உண்மை அளவிலேயே வெட்டுங்கள். அட்டையை வாசலில் தரையில் கிடத்திச் சுழற்றிப் பாருங்கள். செற்றியை முனையில் நிமிர்த்தும்போது அது தரையில் பிடிக்கும் இடம் அதே வடிவம்தான். அட்டை நடையைக் கடந்து, வளைவைக் கடந்து, அறைக்குள் வந்தால் செற்றியும் வரும். எங்கே அட்டை மடங்குகிறதோ அங்கேதான் செற்றியும் நிற்கும். அரை மணித்தியால வேலை, பின்னால் வரும் லொறிக்கூலியும் சண்டையும் மிச்சம்.

எல் வடிவச் செற்றிகளில் இரண்டு துண்டையும் இணைக்கும் இரும்புக் கொக்கி அடியில் இருக்கும். ஒரு துண்டை நேராக மேலே தூக்கினால் கழன்றுவிடும். பக்கத்துக்கு இழுத்தால் கொக்கியின் ஸ்குரூ மரத்தோடு பிய்ந்து வரும். சாய்ந்து படுக்கும் வகைக் கதிரைகளில் முதுகுப்பகுதியே தனியாக வரும். பின்பக்கத் துணி மடிப்பை உயர்த்தினால் இரண்டு பக்கமும் சிறிய நெம்புகோல்கள் தெரியும். அவற்றை ஸ்குரூ டிரைவரால் மேலே தட்டிவிட்டு முதுகை நேராகத் தூக்க வேண்டும்.

இனி வளைவு. 3 அடி அகலமான நடை செங்கோணமாகத் திரும்பி இன்னொரு 3 அடி நடையாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் எவ்வளவு நீளமான பொருள் திரும்பும்? நடையின் அகலத்தை 2.83ஆல் பெருக்கி, பொருளின் ஆழத்தை இரு மடங்காக்கிக் கழியுங்கள். 36ஐப் பெருக்கினால் 102. அலுமாரியின் ஆழம் 24 என்றால் 48ஐக் கழித்து மீதி 54 அங்குலம். ஆக 4 அடி அகல அலுமாரி நிமிர்ந்த நிலையில் 6 அங்குல இடைவெளியோடு திரும்பும். 5 அடி அகல மூன்று கதவு அலுமாரி திரும்பவே திரும்பாது, எத்தனை பேர் பிடித்தாலும். அதே 4 அடி அலுமாரியைப் படுக்க வைத்துக் கொண்டுபோனால் அதன் 7 அடி உயரம் நீளமாகி, அதுவும் சிக்கும். ஆகவே வளைவில் நிமிர்த்துங்கள். இரண்டு நடைகளும் வெவ்வேறு அகலம் என்றால் ஒடுங்கியதன் அகலத்தையே கணக்கில் எடுங்கள். பொருளின் அடிப்பரப்பு இரண்டு பக்கமும் நடையின் அகலத்தைவிடக் குறைவு என்றால் அதைத் திருப்பவே தேவையில்லை. நேரே மூலைவரை தள்ளி, பிறகு பக்கவாட்டில் தள்ளினால் போதும். சிக்கிய இடங்களில் பாதி, திருப்பத் தேவையில்லாததைத் திருப்பப்போய் வந்தவை.

இது கணித அறிஞர்களையே நெடுங்காலம் உழைக்க வைத்த கேள்வி. ஓர் அலகு அகல நடையின் செங்கோண வளைவில் திரும்பக்கூடிய ஆகப் பெரிய வடிவம் எது என்று 1966இல் லியோ மோசர் கேட்டார். ஜோசப் கேர்வர் 1992இல் 2.2195 சதுர அலகு பரப்புள்ள ஒரு வடிவத்தைக் கொடுத்தார். அதைவிடப் பெரியது இல்லை என்பதற்கான நிறுவலை ஜினியோன் பேக் 2024இல் வெளியிட்டார். ஆனால் அந்தக் கணக்கு பொருளைத் தரையிலிருந்து தூக்காமல் போடுவது. நமக்கு சீலிங் வரைக்கும் உயரம் இருக்கிறது. நிமிர்த்துவது, சரிப்பது, படிக்கட்டின் கைபிடிக்கு மேலாகத் தூக்குவது எல்லாம் அந்த மூன்றாவது திசையின் வரம்.

அந்த உயரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. படுக்க வைத்துக் கொண்டுவந்த அலுமாரியை அறைக்குள் நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் சீலிங்கில் இடிக்கும். உயரத்தின் வர்க்கத்தையும் ஆழத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 90 அங்குல உயரம், 24 அங்குல ஆழம் என்றால் 93 அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது 7 அடி 9 அங்குலம். ஜிப்சம் சீலிங் இறக்கிக் கட்டிய தொடர்மாடி அறைகளில் இந்த மூன்று அங்குலம் பெரிய விஷயம். மின்விசிறியை நிறுத்தி வைப்பது மட்டும் போதாது, அதன் இறகுகள் நிமிர்த்தும் பாதையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

லிப்ட் விஷயத்திலும் இதே கணக்குத்தான் வரும். 8 பேர், 630 கிலோ என்று எழுதிய லிப்டின் வழமையான உள்ளளவு 1100க்கு 1400 மில்லிமீற்றர், கதவு 800 மில்லிமீற்றர், அதாவது 31 அங்குலத்துக்குச் சற்றுக் கூட. கதவின் உயரம் 2000 அல்லது 2100. 6 அடி 6 அங்குலச் செற்றி நிமிர்ந்தபடியே உள்ளே போகும், ஆனால் 2000 உயரக் கதவில் முக்கால் அங்குலம்தான் மிஞ்சும். 7 அடிச் செற்றியைச் சரித்துத்தான் நுழைக்க வேண்டும், உள்ளே நிமிர்த்தும்போது மூலைவிட்டம் லிப்டின் கூரையைத் தாண்டிவிடும். அப்படியானால் படிக்கட்டு. உங்கள் கட்டடத்து லிப்டை நீங்களே அளங்கள், கடைக்காரரின் "போகும்" என்ற வார்த்தையை நம்பாதீர்கள். பெரும்பாலான தொடர்மாடிகளில் பொருட்கள் ஏற்றும் நேரத்தை நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். லிப்டின் உட்சுவருக்குத் துணி கட்டவும் சொல்வார்கள்.

படிக்கட்டில் பாரம் கீழே நிற்பவர் மேல்தான் விழும். ஆகவே பலமான ஆள் கீழே, வழி பார்த்துக் கட்டளை கொடுப்பவர் மேலே. ஒருவர் மட்டுமே கட்டளை கொடுக்க வேண்டும். லொறியோடு வரும் உதவியாளர்களும் வீட்டாரும் வெவ்வேறு மொழி பேசுவது கொழும்பில் வழமை. "நிறுத்து" என்பதற்கு எல்லோருக்கும் புரியும் ஒரு சொல்லைத் தூக்குமுன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் நாலு பேரும் நாலு விதமாகச் சத்தம் போடும்போதுதான் விரல் நசியும்.

பல்கனி வழியாகக் கயிறு கட்டி ஏற்றுவது கடைசி வழி. முதலாம் மாடிக்கு மேல் நான் அதை ஆதரிக்க மாட்டேன். அதற்கு பூம் (பாரம் தூக்கும் இரும்புக் கை) பூட்டிய லொறியை வாடகைக்கு எடுங்கள். எந்த மாடியாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது மின்கம்பி. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் கம்பிகள் பல்கனிக்கு மிகக் கிட்டவாகவே போகின்றன. கம்பிக்குக் கிட்டே என்றால் அந்த யோசனையையே விட்டுவிடுங்கள். கயிறு இரண்டு வேண்டும், தடித்த நைலோன், பொருளை முழுதாகச் சுற்றி அடியாலும் கட்டியது. கீழிருந்து இழுத்துச் சுவரில் மோதாமல் பிடிக்க இன்னொரு கயிறு. கயிற்றைப் பல்கனிக் கிறிலில் கட்டாதீர்கள், அந்த வெல்டிங் பாரம் தாங்குவதற்குப் போட்டதல்ல. பொருளுக்குக் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது.

கட்டில் பெரிய பிரச்சினை இல்லை, நட்டுப் போல்ட்டைக் கழற்றினால் நாலு துண்டு. 78க்கு 72 அங்குல ஸ்பிரிங் மெத்தையை மட்டும் மடிக்காதீர்கள், விளிம்புக் கம்பி ஒருமுறை மடிந்தால் நிமிராது. நிறுத்தி, சற்று வளைத்து எடுக்கலாம். இரும்பு அலுமாரி கழலாது, ஆனால் ஆழம் ஒன்றரை அடி அளவுதான் என்பதால் பக்கவாட்டில் எந்த வாசலிலும் போகும். தட்டுகளை எடுத்துவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை, அலுமாரிக்குக் கவனம் வேண்டும். 18 மில்லிமீற்றர் கனமுள்ள 8க்கு 4 அடிப் பலகை ஒன்றே 40 கிலோ அளவு வரும், அலுமாரிக்கு அப்படி நாலைந்து பலகை போகும். கதவுகளையும் இழுப்பறைகளையும் கழற்றினால் பாரம் நன்றாகக் குறையும். பின்பக்க ஹாட்போர்டை மட்டும் கழற்றிவிட்டுத் தூக்காதீர்கள். அலுமாரியைக் கோணாமல் பிடித்திருப்பது அதுதான். அது இல்லாமல் தூக்கினால் மூட்டுகள் விரிந்து, பிறகு கதவு பொருந்தாது. முழுதாகக் கழற்றுவதென்றால் ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் எழுத்து இடுங்கள், ஸ்குரூக்களைத் தனித்தனி உறைகளில் போடுங்கள். ஒரு தடவை கழற்றிப் பூட்டலாம். திரும்பத் திரும்பச் செய்தால் பலகையின் துளைகள் பொடிந்து, ஸ்குரூ பிடிக்காது.

சாப்பாட்டு மேசையின் கண்ணாடியைக் குறைத்து எடைபோடாதீர்கள். கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு, ஒரு மில்லிமீற்றர் கனத்துக்கு இரண்டரைக் கிலோ. 6 அடிக்கு மூன்றரை அடி, 10 மில்லிமீற்றர் கண்ணாடி 49 கிலோ அளவு. அதை எப்போதும் நிறுத்தித்தான் தூக்க வேண்டும். படுக்க வைத்துத் தூக்கினால் நடுவில் வளைந்து வெடிக்கும். தரையில் வைக்கும்போதும் வெறும் டைல்ஸில் மூலையை ஊன்றாதீர்கள், கீழே மடித்த சாக்கு வேண்டும்.

மொறட்டுவையிலோ வேறெங்கோ மரத்தில் செய்விப்பவர்களுக்கு இவை எல்லாவற்றிலும் பாதி தேவைப்படாது, ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால். "பாஸ், கழற்றிப் பூட்டுற மாதிரிச் செய்து தாங்க, வாசல் உள்ளளவு 30 அங்குலம்" என்று ஓடர் கொடுக்கும்போதே சொல்லி, பற்றுச்சீட்டிலும் எழுதுவியுங்கள். மூன்று கதவு அலுமாரியை இரண்டு கதவுப் பெட்டி ஒன்றாகவும் ஒரு கதவுப் பெட்டி ஒன்றாகவும் செய்து, நடுவில் நாலு போல்ட்டால் இணைக்கலாம். உச்சியில் வைக்கும் மேல்பெட்டி தனியாக இருக்க வேண்டும். பசை போட்டு மூட்டு இறுகிய பிறகு எந்தத் தச்சராலும் அதை அழகாகப் பிரிக்க முடியாது. நல்ல தேக்கையும் முதிரையையும் வாசலில் வைத்து வாளால் அறுப்பதைப் பார்க்க மனம் பொறுக்காது. அது நடக்கத் தேவையே இல்லாத ஒன்று.

புதிதாக பொலிஷ் பூசிய மரத்தைப் பொலித்தீனால் சுற்றி வெயிலில் லொறியில் ஏற்றாதீர்கள். சூட்டில் பொலிஷ் இளகி, பொலித்தீனின் சுருக்கம் அப்படியே பதிந்துவிடும். பழைய பருத்திச் சீலையோ போர்வையோ சுற்றி, அதற்கு வெளியே பொலித்தீன் போடுங்கள். மழை என்றால் நாளைத் தள்ளுவது நல்லது. ஈரப் படிக்கட்டில் பாரம் தூக்குவது விபத்தை விலைக்கு வாங்குவது. டைல்ஸ் தரையில் இழுக்கப் பழைய கம்பளத்தைத் தலைகீழாக அடியில் போடுங்கள். சவர்க்காரம் போட்டு வழுக்க விடாதீர்கள், பொருளோடு ஆளும் வழுக்குவார்.

எல்லாம் உள்ளே வந்த பிறகு கதவைத் திரும்ப மாட்டும்போது ஒழுங்கு தலைகீழ். முதலில் மேல் பிணைச்சல், பிறகு நடு, கீழ். ஸ்குரூத் துளை தளர்ந்திருந்தால் தீக்குச்சிகளின் மருந்தை ஒடித்துவிட்டு, மரப்பசை தடவித் துளைக்குள் இறுக்கி, மேலே மிஞ்சியதை வெட்டிவிட்டு மறுநாள் ஸ்குரூவை ஏற்றுங்கள். கதவு நிலையில் உரசினால் உடனே சீவ வேண்டாம். மழைக்காலத்தில் மரம் ஊதியிருக்கும். முதலில் பிணைச்சல் ஸ்குரூக்கள் முழுதாக இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். மேல் பிணைச்சல் ஒரு சுற்றுத் தளர்ந்திருந்தாலே கீழ் மூலை தரையில் உரசும்.